குழாய்க்குள் மறந்துபோன துணி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நாங்குநேரியைக் கடந்ததும் மேற்கே மலை நெருங்கி வரத் தொடங்குகிறது. பணகுடியை எட்டும்போது வலப்பக்கம் முழுக்க மலைதான். அங்கே உயர்ந்து நிற்பது மகேந்திரகிரி. பொதிகையில் தாமிரபரணியைப் பிறப்பித்த அதே மலைத்தொடரின் தென்கோடிச் சிகரங்களுள் ஒன்று. உயரம் ஏறத்தாழ 1,650 மீட்டர். அனுமன் இலங்கைக்குத் தாவியது இங்கிருந்துதான் என்பது இவ்வட்டாரத்தாரின் நெடுநாள் நம்பிக்கை. ஒடிசாவிலும் ஒரு மகேந்திரகிரி உண்டு. எது உண்மையான மகேந்திரம் என்ற வழக்கைத் தீர்க்க நாம் இங்கே வரவில்லை. கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டத்தின் இறுதிப் படலத்துக்கு மயேந்திரப் படலம் என்றே பெயர் என்பதை மட்டும் நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

அந்தக் கதையில் நம்மை எப்போதும் ஈர்ப்பது தாவல் அன்று. அதற்கு முந்தைய கணம். கடலைத் தாண்டும் ஆற்றல் உடையவன் அது தன்னிடம் இருப்பதை மறந்து ஓரமாக அமர்ந்திருக்கிறான். முதியவனான சாம்பவான் அருகில் வந்து அவனுக்கு அவனையே எடுத்துச் சொல்கிறான். அதன் பின்னர்தான் தாவல். மறதி வீரனுக்கும் உண்டு, நினைவூட்ட ஒருவர் வேண்டும் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்லிவிட முடியாது.

இன்று அதே மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. இந்திய ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்கள் இங்கேதான் தாங்கு மேடையில் பூட்டி எரித்துச் சோதிக்கப்படுகின்றன. முன்பு திரவ உந்து அமைப்புகள் மையத்தின் ஒரு பகுதியாக இருந்த இவ்வளாகம் 2014 பிப்ரவரியில் தனி மையமாயிற்று. விண்ணுக்கும் வானுக்கும் செல்லும் பொறிகளில் மனிதக் கை செய்யும் பிழைகளைப் பற்றி எழுத நினைத்தபோது நம் நெல்லைச் சீமையிலேயே தொடங்க இடம் இருந்தது இப்படித்தான்.

*

மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் எஞ்சின்களில் மூத்தது 'விகாஸ்'. அதன் பூர்வீகம் பிரான்ஸ். 1974இல் பிரெஞ்சு நிறுவனமான எஸ்.இ.பி.யோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது அங்கே உருவாகிக்கொண்டிருந்த 'வைக்கிங்' எஞ்சினின் தொழில்நுட்பம் இந்தியாவுக்குக் கிடைக்கும். ஈடாக இந்தியப் பொறியாளர்கள் அங்கே சென்று உழைப்பார்கள். நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் சென்ற குழு வெர்னான் நகரில் அந்த எஞ்சினோடு சில ஆண்டுகள் வாழ்ந்தது என்றே சொல்லலாம். வைக்கிங் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டுகளைச் சுமந்தது. அதன் இந்திய உடன்பிறப்பான விகாஸ் பின்னர் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கிலும் ஜி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு ராக்கெட்டுகளிலும் இடம்பெற்றது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் நடுப்பகுதியில் எரிந்தவையும் இரண்டு விகாஸ் எஞ்சின்களே.

அந்த மூத்த உடன்பிறப்புக்கு 1990 பிப்ரவரி 22 அன்று நேர்ந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து இரண்டு ஜப்பானிய செயற்கைக்கோள்களோடு ஏரியான்-4 புறப்பட்டது. எட்டு வைக்கிங் எஞ்சின்கள் ஒருசேர எரிந்தன. புறப்பட்ட சில வினாடிகளிலேயே அவற்றில் ஒன்றின் விசை சரிந்தது. ராக்கெட் ஒரு பக்கம் சாயாதிருக்கப் பிற எஞ்சின்கள் தம் முகத்தைத் திருப்பித் திருப்பி ஈடுகட்டின. ஒரு கட்டத்தில் திருப்ப இடமில்லாது போயிற்று. இரண்டு நிமிடம் முடியுமுன் எல்லாம் சிதறிவிட்டது.

விசாரணைக் குழு கண்டறிந்த காரணம் ஒரு துணி. வைக்கிங் எஞ்சினில் வெப்ப வாயுவைக் குளிர்விக்கத் தண்ணீர் செல்லும் குழாய் உண்டு. அந்தக் குழாய்க்குள் துடைக்கும் துணித்துண்டு ஒன்று கிடந்து நீரோட்டத்தை அடைத்திருந்தது. பணியின்போது யாரோ உள்ளே வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார். சமையற்கட்டில் பாத்திரம் இறக்கும் கந்தையைப் போன்ற ஒரு பொருள் உலகின் தலைசிறந்த பொறியியலை வீழ்த்திவிட்டது.

*

விமானப் பராமரிப்பின் வரலாற்றில் இத்தகைய துணிகள் பல உண்டு. அதே 1990ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் புறப்பட்டது. 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்தது. விமானியின் உடல் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டது. விமானப் பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் தரையிறக்கினார். விமானி பிழைத்துக்கொண்டார் என்பது இன்றும் நம்ப அரிதான செய்தி.

அந்தக் கண்ணாடி முந்தைய நாள் இரவுப்பணியில் மாற்றப்பட்டிருந்தது. அதை மாற்றியவர் கற்றுக்குட்டி அல்லர். அனுபவமும் நற்பெயரும் உடைய பணிமுறைத் தலைவர். பொருத்திய 90 மறையாணிகளில் 84 வேண்டிய குறுக்களவைவிட 0.026 அங்குலம் சிறியவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. தவறு எப்படி நேர்ந்தது என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். கழற்றிய பழைய ஆணியையே மாதிரியாகக் கொண்டு புதியவற்றைத் தேடினார். அந்தப் பழைய ஆணிகளே முன்பு யாரோ பொருத்திய தவறான அளவுடையவை. உரிய அளவு எது என்று கிடங்குக்காரர் வாய்விட்டுச் சொல்லியும் கையில் இருந்த ஆணியின் சாட்சியையே அவர் நம்பினார். அந்தக் கிடங்கில் போதிய எண்ணிக்கை இல்லாததால் வேறொரு கிடங்குக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் தொட்டும் பார்த்தும் ஒப்பிட்டு எடுத்தார். அந்தக் கண்ணாடியை இன்னொருவர் மறுமுறை சரிபார்க்க வேண்டும் என்று விதியும் இல்லை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தனியாகப் பார்த்தால் பெருங்குற்றமாகத் தோன்றாது. அவர் செய்ததெல்லாம் வேலையைக் காலையில் விமானம் புறப்படுவதற்குள் முடிக்க நினைக்கும் நேர்மையான தொழிலாளி செய்யக்கூடியவையே.

1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜம்போ விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்ததும் ஒரு பழுதுபார்ப்பின் விளைவே. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1978இல், அதே விமானத்தின் வால் ஓடுதளத்தில் உரசிச் சேதமுற்றது. பின்புறத்து அழுத்தத் தடுப்புச்சுவரைப் போயிங் நிறுவனத்தார் சீரமைத்தனர். அப்போது இணைப்புத் தகடு ஒன்றை முழுதாக வைக்காமல் இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். பாரத்தை இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசையே தாங்கிற்று. அதன் பின் அந்த விமானம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை பறந்தது. ஒவ்வொரு முறையும் பிழை சற்றே வளர்ந்தது. விபத்துக்குப் பின் ஜப்பான் ஏர்லைன்ஸின் பராமரிப்பு அதிகாரி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தகட்டை வெட்டியது அவருடைய நிறுவனத்தின் கையன்று.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளின் மேலே அலோகா ஏர்லைன்ஸ் விமானமொன்றின் கூரையில் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வானில் மறைந்தார். பிறரோடு விமானம் தரையிறங்கிவிட்டது. ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைப் பயணி ஒருவர் கண்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அந்த உடற்பகுதியைச் சோதிப்பவரின் வேலையோ, இரவில் சாரத்தின் மேல் தொற்றிக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஆயிரமாவது ரிவெட்டையும் முதல் ரிவெட்டைப் பார்த்த அதே கண்ணோடு பார்க்க யாரால் இயலும்?

எல்லா விபத்தையும் கையின் பிழையில் சேர்த்துவிடவும் கூடாது. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல் விமானம் தீப்பிடித்து விழுந்து 95 பேரும் இறந்தனர். எஞ்சினின் அமுக்கித் தட்டில் உலோகச் சோர்வால் உண்டான விரிசல் அதன் காரணம். உலோகமும் களைக்கிறது. அதைப் பார்க்கும் மனிதனும் களைக்கிறான். இரண்டு களைப்பும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் பெரும்பாலும் வானம் இடிகிறது.

*

இனி நம் மலையடிவாரத்துக்குத் திரும்புவோம்.

2006 ஜூலை 10 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-02 புறப்பட்டது. உச்சியில் இன்சாட்-4சி என்ற 2,168 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். பக்கவாட்டில் நான்கு திரவ எரிபொருள் ராக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விகாஸ் எஞ்சின். புறப்பட்டு 0.2 வினாடியில் நான்கில் ஒன்றின் விசை அற்றுப்போயிற்று. மற்ற மூன்றும் சமாளித்தன. ஏறத்தாழ 50 வினாடி வரை ராக்கெட் தன் நிலையைக் காத்துக்கொண்டது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தாக்குதல் தாங்க முடியாததாகி உடைந்து வங்கக் கடலில் விழுந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் கூரூவில் நடந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு இந்த வரிசை புதிதாக இருந்திராது. ஒன்று தளர்கிறது. மற்றவை தோள் கொடுக்கின்றன. தோள் கொடுக்கும் எல்லை கடக்கிறது.

தோல்வியை ஆராய்ந்த குழு சில வாரங்களில் காரணத்தை வெளியிட்டது. எஞ்சினின் வாயு உற்பத்திப் பகுதிக்கு எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்தும் சீராக்கி ஒன்று உண்டு. வயலுக்கு நீர் விடும் மடையைப் போன்றது அது. மூடிய நிலையிலும் அதன் வழியே வேண்டியதைவிட மிகுதியாக எரிபொருள் பாயும்படி அமைந்துவிட்டிருந்தது. உற்பத்தியின்போது கவனக்குறைவால் நேர்ந்த பிழையாக இது இருக்கலாம், பின்னர் நடந்த ஆய்வுகளின் கண்ணிலும் ஏற்புச் சோதனைகளின் கண்ணிலும் அது தப்பிவிட்டது என்பது குழுவின் முடிவு. ராக்கெட்டின் வடிவமைப்பில் குறையில்லை. உருவாக்குவதிலும் சரிபார்ப்பதிலும் கண்டிப்பு கூட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அடுத்த ஜி.எஸ்.எல்.வி. 2007 செப்டம்பர் 2 அன்று இன்சாட்-4சிஆர் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது.

அந்த முடிவைப் படிக்கையில் 'தப்பிவிட்டது' என்ற கருத்தில் நம் கண் நிற்கிறது. ஒரு கை தவறு செய்தது என்பது கதையில் பாதி. அதற்குப் பின் வரிசையாக நின்ற கண்கள் அனைத்தையும் அத்தவறு கடந்து வந்திருக்கிறது என்பது மறுபாதி. முதற்பாதிக்கு ஒரு மனிதர் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். மறுபாதிக்கு ஒரு நிறுவனமே பொறுப்பு.

கண்கள் தப்பவிடாத நாட்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் இவ்வரலாறு குறையுடையதாகும். 2001 மார்ச் 28 அன்று ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் பக்கவாட்டு எஞ்சின்கள் பற்றிய பிறகு, ஒன்று உரிய விசையை எட்டவில்லை என்று கணினி கண்டு அனைத்தையும் அணைத்தது. மூன்று வாரத்தில், ஏப்ரல் 18 அன்று, அதே ராக்கெட் பறந்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று புறப்பாட்டுக்கு 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த பயணம் கைவிடப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று அது வென்றது. வென்ற நாளை அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். நிறுத்திய நாளுக்கு விழா இல்லை.

*

நிறுத்தாமல் போன ஒரு நாளும் உண்டு; அதைப் பற்றி நாட்டுக்குச் சொன்னவர் அதைச் செய்தவரே. 1979 ஆகஸ்ட் 10 அன்று இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 புறப்படச் சில நிமிடங்கள் இருக்கையில் கணினி நிறுத்தச் சொல்லியது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் தம் வல்லுநர்களைக் கலந்தார். கசிவு இருந்தாலும் போதிய இருப்பு உண்டு என்றார்கள். கணினியை மீறி ஏவினார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாடு இழந்து ராக்கெட் கடலில் விழுந்தது. வால்வு ஒன்றில் படிந்த மாசு அது சரியாக மூடாமல் செய்ததும், ஆக்சிகரணியான அமிலம் கசிந்து தீர்ந்ததும் பின்னர் தெரியவந்தன.

அன்று செய்தியாளர் முன் சென்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது கலாமைச் செய்தியாளரைச் சந்திக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தலைமைப் பண்பு பற்றிய மேடைப் பேச்சுகளில் இக்கதை தேய்ந்துவிட்டது. ஆயினும் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. தன் தலை தப்பும் என்று அறிந்தவர்களே எங்கே தவறினோம் என்று முழுதாகச் சொல்வார்கள். அந்த ஓராண்டில் அவர்கள் வால்வைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு யாரும் வால்வை மறைக்க வேண்டியிராததும் ஒரு காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

விமானத் துறை இந்த உண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டி.டபிள்யு.ஏ. விமானம் ஒன்று தரையிறங்கும் வழிமுறையைத் தவறாகப் புரிந்துகொண்டு வாஷிங்டன் அருகே மலையில் மோதியது. ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே தவற்றைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். தம் நிறுவனத்துக்குள் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அச்செய்தி அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. இதன் பின்னரே 1976இல், பெயரை மறைத்துக்கொண்டு தன் தவற்றைத் தானே தெரிவிக்கும் ஏற்பாட்டை நாசா நடத்தத் தொடங்கியது. 1990இல் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் மனிதப் பிழை பற்றித் தம் நூலை எழுதினார். அடுத்தடுத்து நிற்கும் தடுப்புகள் ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உண்டு, எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும் நாளில் விபத்து நேர்கிறது என்ற அவருடைய படிமம் இன்று உலகெங்கும் பயிற்றுவிக்கப்படுகிறது. கனடாவில் கார்டன் டூபான்ட் என்பவர் பராமரிப்புப் பணியாளர் பிழை செய்யும் பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். களைப்பு, கவனச் சிதறல், அவசரம், துணிந்து சொல்லாமை, 'எப்போதும் இப்படித்தானே' என்ற வழக்கம் முதலியவை அவற்றுள் அடங்கும்.

*

இவற்றைப் படிக்கையில் நமக்குத் தாமிரபரணியின் கால்வாய்கள் நினைவுக்கு வந்தன. அந்நதியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழு பழையவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது, 1873இல் முடிந்தது. கார், பிசானம் என்ற இருபோகத்தையும் சுமந்தவை இவற்றின் கால்வாய்கள். கட்டியவர் பெயர் சில அணைகளுக்கு உண்டு. ஆண்டுதோறும் தூர்வாரியும் கரை உயர்த்தியும் மடை பார்த்தும் அவற்றை உயிரோடு வைத்திருந்தவர் பெயர் எதற்கும் இல்லை. அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர்.

பழைய ஊர் வாழ்வைப் பொற்காலமாக்கிக் காட்டும் எண்ணம் நமக்கில்லை. அந்த மண்வெட்டியைப் பிடித்த கைகள் பெரும்பாலும் நிலமற்றவர் கைகள். ஆயினும் வாய்க்காலின் வேலையில் ஒரு வசதி இருந்தது. கரையில் எலிவளை இருந்தால் கண்டவர் கூவலாம். கூவியதற்குத் தண்டனையில்லை, ஏனெனில் உடைந்தால் எல்லார் வயலும் போகும். 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உடைப்பு நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக அழைத்து வேலை வாங்கலாம். வழக்கமான மராமத்துக்கு வராதவருக்குத் தண்டம் விதிக்கலாம். அச்சத்தால் ஆளை வரவழைக்க முடியும். கரையில் எங்கே கசிகிறது என்று அச்சத்தால் சொல்லவைக்க முடியுமா? விமானக் கொட்டகையிலும் கேள்வி இதுவே.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். மகிழ்ச்சி மிகுந்து வரும் மறதி, அளவிறந்த சினத்தைக் காட்டிலும் தீதென்பது அதன் தொடக்கக் கருத்து. அரசனுக்குச் சொன்ன அதிகாரம் அது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மறவாமை என்ற கடமையை அவர் முதலில் ஏற்றிவைத்தது கூலியாளின் தலையில் அன்று, ஆள்பவன் தலையில். இரவுப்பணியில் விளக்கு மங்கலாக இருப்பதும், ஆணிகள் குறைவாக இருப்பதும், மறுமுறை பார்க்க ஆளில்லாததும் ஆள்பவனின் பொச்சாப்பே.

இன்று நல்ல பணிமனைகளில் கருவிகள் தொங்கும் பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவமும் நிழல்போல் வரையப்பட்டிருக்கிறது. வேலை முடிந்து ஒரு திருகி திரும்பாவிட்டால் வெற்று நிழல் காட்டிக்கொடுக்கும். துடைக்கும் துணியையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். மனிதன் மறப்பான் என்பதை இழிவாக எண்ணாமல் இயல்பாக ஏற்றுக்கொண்டவர்கள் கண்ட வழி இது. சாம்பவான் அனுமனை ஏசவில்லை, நினைவூட்டினான்.

பணகுடிச் சாலையில் மாலை வெயில் மலைக்குப் பின்னே இறங்கும்போது மகேந்திரகிரி கருநீலமாகிவிடுகிறது. அதன் அடியில் எங்கோ ஒருவர் இப்போது ஒரு வால்வைத் துடைத்துவிட்டுத் துணிகளை எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். பத்து கொடுத்தார்கள், கையில் ஒன்பது இருக்கிறது. வீட்டுக்குப் போகும் நேரம். 'ஒன்று குறைகிறது' என்று அவர் உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் முகம் சுளிக்காத ஒருவர் அவருக்கு மேலே இருக்க வேண்டும்.

தாவல் அதற்குப் பிறகுதான்.